உருட்டவா, தூக்கவா?

1995 ஜூலை 23. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பழைய மைதானத்தில் பிரிட்டிஷ் ஓப்பன் கோல்ஃப் போட்டியின் கடைசிக் குழி. அமெரிக்காவின் ஜான் டேலி ஆட்டத்தை முடித்துவிட்டுக் காத்திருந்தார். அவரை எட்டிப்பிடிக்க இத்தாலியின் கோஸ்தாந்தினோ ரோக்காவுக்கு அந்தக் குழியில் ஒரு பேர்டி (குழிக்கு உரிய 'பார்' அடிகளைவிட ஒன்று குறைவு) வேண்டியிருந்தது. முதல் அடியே பந்தைக் கிரீனுக்கு, அதாவது குழி இருக்கும் கட்டைப் புல்தரைக்கு, சற்று முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. ரோக்கா பந்தைத் தூக்கும் மட்டையான வெட்ஜை எடுத்தார். மட்டை பந்துக்குப் பின்னால் மண்ணில் இறங்கியது. பந்து சில கஜம் நகர்ந்து, 'பாவப் பள்ளத்தாக்கு' என்று அங்கே பெயர் வாங்கிய பள்ளத்துக்குள் உருண்டு நின்றது. அடுத்த அடிக்கு அவர் எடுத்தது உருட்டும் மட்டையான பட்டர். சுமார் 65 அடி தூரம், பள்ளத்திலிருந்து மேடேறி, பந்து குழிக்குள் விழுந்தது. ரோக்கா குப்புற விழுந்து தரையைக் கையால் குத்தினார். பின்னால் நடந்த நான்கு குழி ஆட்டத்தில் டேலிதான் வென்றார் என்றாலும், அந்த இரண்டு அடிகளைத்தான் இன்றும் போட்டுக் காட்டுகிறார்கள்.

வெட்ஜ் தவறியது, பட்டர் பலித்தது என்பதால் பட்டர்தான் சிறந்தது என்று முடிவுகட்ட வேண்டாம். உலகத் தரத்து ஆட்டக்காரருக்கே கிரீன் ஓரத்தில் இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன, இரண்டுக்கும் வெவ்வேறு கை வேண்டும் என்பதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

கிரீனைச் சுற்றி முப்பது மீட்டருக்குள் நின்று ஆடும் அடிகளுக்குப் பல பெயர்கள் உண்டு. புதிதாகப் பழகுபவருக்கு வேண்டியவை இரண்டுதான். சிப் என்பது கொஞ்சம் பறந்து நிறைய உருளும். பிட்ச் என்பது நிறையப் பறந்து கொஞ்சம் உருளும். பயிற்சி நூல்களின் விளக்கம் பெரும்பாலும் இந்த அளவில் நின்றுவிடுகிறது. அதனாலேயே பலரும் பிட்ச்சை ஒரு பெரிய சிப் என்றும், சிப்பை ஒரு சின்ன பிட்ச் என்றும் நினைத்துக்கொள்கிறார்கள். கிரீன் ஓரத்து அவதிகளில் பெரும்பகுதி இந்த நினைப்பிலிருந்து பிறக்கிறது என்பது என் கட்சி. பந்து எவ்வளவு உயரம் போகிறது என்பது விளைவு மட்டுமே. அடிப்படை வேறுபாடு, மட்டையின் எந்தப் பகுதி தரையைச் சந்திக்கிறது என்பதில் இருக்கிறது.

அதற்குப் போகுமுன், இந்தச் சிற்றாட்டம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரே ஒரு கணக்கு. அமெரிக்க பி.ஜி.ஏ. சுற்றின் தொழில்முறை ஆட்டக்காரர்களே 18 குழிகளில் சராசரியாகப் பன்னிரண்டு குழிகளில்தான் உரிய அடிகளுக்குள் கிரீனைத் தொடுகிறார்கள். மீதி ஆறு குழிகளில் அவர்களும் புல்லோரத்தில் நின்று யோசிப்பவர்கள்தான். புதியவருக்கு ஏறக்குறைய எல்லாக் குழியிலும் அந்த நிலை. தூரம் அடிப்பதில் அதிகம் மிரட்டாத பெங்களூருவின் அதிதி அசோக், டோக்கியோ ஒலிம்பிக்கில் பதக்கத்துக்கு ஒரு படி கீழே நான்காவது இடம்வரை வந்தது பட்டரும் சிற்றாட்டமும் கைகொடுத்ததால்தான்.

இப்போது மட்டைக்கு வருவோம். வலக்கை ஆட்டக்காரரை மனத்தில் வைத்துச் சொல்கிறேன்; இடக்கையர் மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

சிப் ஆடும்போது கால்கள் ஒட்டினாற்போல நெருங்கி இருக்கும். பந்து நடுவுக்குச் சற்று வலப்புறம், அதாவது பின்காலை நோக்கி. உடல் எடையில் பெரும்பங்கு இடக்காலில், அடி முடியும்வரை அங்கேயே. கைகள் பந்தைவிட முன்னால் இருப்பதால் மட்டைத் தண்டு குழியின் பக்கம் சாய்ந்து நிற்கும். மணிக்கட்டு ஏறக்குறைய உறங்க வேண்டும். தோள்கள் மட்டும் ஆடும். தண்டு சாய்வதால் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. மட்டை முகத்தின் சாய்வு குறைகிறது. 46 டிகிரி பிட்ச்சிங் வெட்ஜ், ஒன்பதாம் நம்பர் அயர்னைப்போல நடந்துகொள்ளும். முன்விளிம்பு கீழே இறங்கி, முதலில் பந்து, பிறகு புல் என்ற வரிசையில் தொடுகிறது.

பிட்ச்சில் இதில் பலவும் தலைகீழ். பந்து நடுவில். தண்டு ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும். மணிக்கட்டு மேலே போகும்போது மடங்கும். அடிக்கும்போது மார்பும் இடுப்பும் குழியை நோக்கித் திரும்பியே ஆக வேண்டும். உடல் நின்றுவிட்டால் கை மட்டும் பாய்ந்து கெடுக்கும். தரையைத் தொடுவது முன்விளிம்பு அல்ல, அதற்குப் பின்னால் இருக்கும் அடிப்பாகம்.

அந்த அடிப்பாகத்தின் கதையைத் தெரிந்துகொள்ளாமல் பிட்ச் வராது. வெட்ஜைக் கவனித்துப் பார்த்தால், முன்விளிம்பைவிட அடிப்பாகத்தின் பின்பகுதி சற்றே தாழ்ந்து தொங்கும். அந்தக் கோணத்துக்குப் பவுன்ஸ் என்று பெயர். சில வெட்ஜ்களில் 4 டிகிரி, சிலவற்றில் 14 டிகிரிவரை இருக்கும். இன்றைய சாண்ட் வெட்ஜுக்கு உருவம் கொடுத்தவர் என்று சொல்லப்படும் ஜீன் சாரஸன், 1930-களின் தொடக்கத்தில் மட்டையின் அடியில் ஈயத்தைப் பற்றவைத்துத் தடிமனாக்கியது இதற்குத்தான். மணலுக்குள் மட்டை புதைந்துபோகாமல் வழுக்கிக்கொண்டு வெளியே வர வேண்டும். 1932 பிரிட்டிஷ் ஓப்பனை அவர் வென்றபோது அந்த மட்டை அவர் பையில் இருந்தது. மணலுக்காகப் பிறந்த அந்த அடிப்பாகம் புல்லிலும் அதே வேலையைச் செய்கிறது. தோசையின் அடியில் திருப்பியைப் படுக்கவைத்துத் தள்ளினால் நழுவிப் போகும். முனையைச் சாய்த்துக் குத்தினால் தோசை கிழியும். பவுன்ஸ் உள்ள மட்டையும் அப்படித்தான். தண்டு நிமிர்ந்திருக்கும்வரை அடிப்பாகம் புல்மேல் நழுவும். பந்துக்கு ஓர் அங்குலம் பின்னால் பட்டாலும் மன்னித்துவிடும். கையை முன்னால் தள்ளித் தண்டைச் சாய்த்தால் பவுன்ஸ் மறைந்துபோகும், முன்விளிம்பு மண்வெட்டியாகிவிடும்.

புதியவரின் வழக்கமான விபத்து இங்கேதான். சிப்புக்கு உரிய நிலையில் நிற்கிறார்: பந்து பின்னால், கை முன்னால். மனம் மட்டும் பிட்ச் ஆடுகிறது: பந்தைத் தூக்க வேண்டும், கொஞ்சம் பெரிதாக வீச வேண்டும். முன்விளிம்பு நேராக மண்ணைக் கொத்த, பந்து காலடியிலேயே கிடக்கிறது. அடுத்த முறை மண்ணுக்குப் பயந்து மேலே இழுக்கிறார். விளிம்பு பந்தின் வயிற்றில் பட்டு, கிரீனைத் தாண்டி அடுத்த குழியின் தொடக்கமான டீவரை பாய்கிறது. இரண்டும் எதிரெதிர்த் தவறுகள்போலத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான். கலப்புதான் கெடுக்கிறது என்பதற்குப் பெரிய சாட்சியும் உண்டு. 2015 தொடக்கத்தில் ஃபீனிக்ஸ் ஓப்பனில் டைகர் வுட்ஸ் கிரீன் ஓரத்தில் பள்ளிப்பையன்போல மண்ணைக் கொத்தினார்; இரண்டாம் நாள் 82 அடிகள் எடுத்து வெளியேறினார். பழைய அசைவுக்கும் புதிய அசைவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டேன் என்பதுதான் அவர் கொடுத்த விளக்கம். அவருக்கே அப்படியென்றால், வாரம் ஒருநாள் ஆடுபவர் ஒரே அசைவில் இரண்டையும் கலந்தால் என்ன ஆகும்?

தவறினால் நேரும் இழப்பிலும் இரண்டும் ஒன்றல்ல. பதினைந்து மீட்டர் சிப்புக்கு மட்டை முழங்கால் உயரத்துக்கு மேல் போக வேண்டியதில்லை. வேகம் குறைவு என்பதால், தொட்ட இடம் சற்றுப் பிசகினாலும் பந்து நான்கைந்து தப்படி முன்பின்னாக நிற்கும், அவ்வளவுதான். அதே பதினைந்து மீட்டரை 56 டிகிரி வெட்ஜால் பறக்கவிட்டுக் கடக்க, வீச்சு இடுப்புவரையாவது போக வேண்டும். அந்த வேகத்தின் பெரும்பங்கு பந்தை மேலே ஏற்றுவதிலேயே செலவாகிறது. விளிம்பு பந்தின் வயிற்றில் பட்டுவிட்டால் மேலே போக வேண்டிய வேகம் முழுவதும் முன்னால் போகிறது. பிட்ச்சின் பிழைக்குக் கொடுக்கும் விலை சிப்பின் பிழையைவிடப் பல மடங்கு. ஆகவே எது அழகு என்பதைவிட எது தவறினால் தாங்கும் என்று பார்ப்பதே புதியவருக்குப் பொருத்தம்.

சிப்புக்கு எந்த மட்டை என்பதற்கு பயிற்சியாளர்கள் பலகாலமாகச் சொல்லிவரும் ஒரு கணக்கு இருக்கிறது, 'பன்னிரண்டு விதி' என்று. நான் பார்த்த கணக்குகளிலேயே எளிமையானது. பந்து எங்கே விழ வேண்டும் என்று முதலில் தீர்மானிக்க வேண்டும். கிரீனுக்குள் ஒரு தப்படி தள்ளி ஓர் இடம். பந்திலிருந்து அந்த இடம்வரை எத்தனை தப்படி, அங்கிருந்து குழிவரை எத்தனை தப்படி என்று நடந்து எண்ண வேண்டும். உருளும் தூரம் பறக்கும் தூரத்தைப்போல எத்தனை மடங்கோ, அந்த எண்ணைப் பன்னிரண்டிலிருந்து கழித்தால் மட்டையின் நம்பர். பந்து கிரீனுக்கு வெளியே இரண்டு தப்படி, கொடி ஓரத்திலிருந்து பத்துத் தப்படி உள்ளே என்று வைத்துக்கொள்வோம். பறக்க வேண்டியது மூன்று, உருள வேண்டியது ஒன்பது. மூன்று மடங்கு. பன்னிரண்டில் மூன்று போனால் ஒன்பதாம் நம்பர் அயர்ன். நான்கு மடங்கு என்றால் எட்டாம் நம்பர். இரண்டு மடங்கு என்றால் பத்து, அதாவது பிட்ச்சிங் வெட்ஜ். ஒரு மடங்கு என்றால் சாண்ட் வெட்ஜ். எல்லாவற்றுக்கும் அசைவு ஒன்றே, மட்டை மட்டும் மாறுகிறது.

இந்தக் கணக்கு கிரீன் சமதளம் என்று எடுத்துக்கொள்கிறது. ஏற்றமானால் ஒரு நம்பர் குறைத்தும், இறக்கமானால் ஒரு நம்பர் கூட்டியும் எடுக்க வேண்டும். இன்னொன்று: இப்போது கடையில் விற்கும் செட்டுகளில் தூரம் காட்டுவதற்காகச் சாய்வைக் குறைத்துவிட்டார்கள். முன்பு 48 டிகிரியில் வந்த பிட்ச்சிங் வெட்ஜ் இன்று 43, 44 என்று வருகிறது. அந்த மட்டையில் பந்து விதி சொல்வதைவிட அதிகம் ஓடும். ஒருநாள் உட்கார்ந்து தன் மட்டைகளின் ஓட்டத்தைத் தானே அளந்து வைத்துக்கொள்வது நல்லது.

இந்த விதிக்கு இன்னொரு பயனும் உண்டு. சிப் எங்கே முடிகிறது என்பதையும் அதுவே சொல்லிவிடுகிறது. பந்து கிரீனுக்கு வெளியே பத்துத் தப்படி, நடுவில் பங்கர் என்னும் மணற்குழி, கொடி ஓரத்திலிருந்து மூன்று தப்படி உள்ளே. பறக்க வேண்டியது பதினொன்று, உருள இருப்பது இரண்டு. ஒரு மடங்குகூட இல்லை. அப்படி நடந்துகொள்ளும் சிப் எந்த மட்டையிலும் கிடையாது. இங்கே பிட்ச்சை விட்டால் வழியில்லை. ரஃப் எனப்படும் அடர்ந்த புல்லில் பந்து புதைந்திருந்தாலும் அதே நிலைமை. தாழ்வாக வரும் மட்டையைப் புல் பிடித்து இழுத்துவிடும்.

பிட்ச் ஆட வேண்டிய இடம் வந்தால் பின்வாங்கக் கூடாது. பின்வாங்கும் கைதான் வேகத்தைப் பாதியில் நிறுத்தும். தூரத்தை அடிக்கும் வேகத்தால் அல்ல, பின்வீச்சின் நீளத்தால் அளக்க வேண்டும். நாசாவில் பணியாற்றிவிட்டு கோல்ஃப் ஆராய்ச்சிக்கு வந்த டேவ் பெல்ஸ் இதற்குக் கடிகார முள்ளைத் துணைக்கு அழைத்தார். இடக்கை ஏழரை மணியைக் காட்டும் வீச்சு, ஒன்பது மணி, பத்தரை மணி. ஒரே தாளம், மூன்று நீளம், ஒரு மட்டைக்கு மூன்று தூரம். புதியவருக்கு ஏழரையும் ஒன்பதும் போதும். டிவியில் பந்து ஒருமுறை குதித்துப் பிரேக் போட்டதுபோல நிற்பதைப் பார்த்து அதை எதிர்பார்ப்பதும் வீண். அந்தச் சுழற்சிக்குச் சுத்தமான மட்டை முகம், மென்மையான யூரித்தேன் உறை போட்ட விலையுயர்ந்த பந்து, பந்துக்கும் முகத்துக்கும் நடுவே புல் புகாத சுத்தமான தொடுகை, எல்லாம் கூடிவர வேண்டும். கெட்டி உறை போட்ட மலிவுப் பந்தில் ஆடுபவர், உயரம் ஒன்றையே நம்பிப் பந்தை நிறுத்த வேண்டியிருக்கும்.

சாண்ட் வெட்ஜ் எடுத்தால் பிட்ச்தான் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு புகழ்பெற்ற அடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். 1982 யு.எஸ். ஓப்பன், பெபிள் பீச்சின் 17-ஆவது குழி. டாம் வாட்சனின் பந்து கிரீனுக்கு இடப்புறம் நீண்ட புல்லில் கிடந்தது. கொடி மிக அருகில், கிரீன் எதிர்ப்பக்கம் சரிந்து ஓடியது. சாண்ட் வெட்ஜின் முகத்தைத் திறந்து, பந்தின் அடியில் நழுவவிட்டார். பந்து மெதுவாக எழும்பிக் கிரீனின் ஓரத்தில் விழுந்து, சரிவில் ஓடிக் குழிக்குள் போனது. ஜேக் நிக்லஸை இரண்டு அடிகளில் வென்றார். ஐந்தாண்டு கழித்து 1987 மாஸ்டர்ஸ் போட்டியின் கூடுதல் ஆட்டம், அகஸ்டாவின் 11-ஆவது குழி. லாரி மைஸுக்குக் கொடி சுமார் 140 அடி தூரத்தில். அவர் எடுத்ததும் சாண்ட் வெட்ஜ்தான். ஆனால் பந்தைத் தாழ்வாக விட்டு, கிரீனுக்கு வெளியிலேயே தரையில் குதிக்கவைத்து, நெடுந்தூரம் உருளவைத்தார். அது குழியில் விழ, எதிராளி கிரெக் நார்மன் பார்த்துக்கொண்டே நின்றார். மட்டை ஒன்றே, ஒருவர் தூக்கினார், ஒருவர் உருட்டினார். பஞ்சைப்போல அழுந்தும் தரையில் மைஸின் அடி செத்துப்போயிருக்கும். வாட்சனின் இடத்தில் உருட்ட முயன்றிருந்தால் பந்து புல்லைவிட்டே வெளியே வந்திருக்காது.

வாட்சன் ஆடியதைப் பார்த்து எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். 1985-ஐ யாரும் நினைவுபடுத்துவதில்லை. ஓக்லண்ட் ஹில்ஸில் நடந்த யு.எஸ். ஓப்பனின் கடைசிநாள், தைவானின் டி.சி. சென் நான்கு அடி முன்னிலையில் இருந்தார். ஐந்தாவது குழியில் கிரீன் ஓரத்து ரஃப்பிலிருந்து பந்தைத் தூக்க, மட்டை புல்லில் சிக்கி மெதுவாகி, எழும்பிய பந்தை இரண்டாம் முறையும் தொட்டுவிட்டது. அன்றைய விதிப்படி அது ஓர் அடி அபராதம். பார் நான்கு குழியில் எட்டு. முடிவில் ஆண்டி நார்த்திடம் ஒரே அடியில் கோப்பை போனது. 2019 விதித் திருத்தத்தில் அந்த அபராதத்தை எடுத்துவிட்டார்கள், இரட்டைத் தொடுகையும் ஒரே அடிதான். சென்னுக்கு முப்பத்து நான்கு ஆண்டு தாமதம்.

சிப்பின் பக்கம் ஒரு கோப்பைக் கதை வேண்டுமென்றால் பால் ரன்யன் இருக்கிறார். 1938 பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றவர் சாம் ஸ்னீட். டீயில் ரன்யனைவிட வெகுதூரம் முன்னால் அடித்தவர். நேருக்குநேர் ஆட்டத்தில், இன்னும் ஏழு குழி மீதியிருக்கும்போதே எட்டு குழி முன்னிலையில் ரன்யன் வென்றுவிட்டார். சிப்பைப் பட்டர் ஆடுவதுபோலவே, மணிக்கட்டை அசைக்காமல் ஆடு என்பது அவர் பிற்காலத்தில் கற்பித்த பாடம். ஃபில் மிக்கல்சன் வேறு கட்சி. மணிக்கட்டை முதலிலேயே மடக்கி, அந்த மடிப்பை விடாமல் அடித்து முடி என்பார். மிக்கல்சனின் முறையில் பல்வேறு அடிகள் ஆடலாம் என்பது உண்மை. முதல் வருடத்தில் இருப்பவருக்கு நான் ரன்யனைத்தான் கைகாட்டுவேன். அசையும் உறுப்பு குறைவாக இருப்பதால் பிழை நேரும் இடம் குறைவு.

சிப்பைவிடவும் எளிய ஒன்றும் உண்டு. கிரீனுக்கு வெளியிலிருந்தே பட்டர் எடுப்பது. இதைக் கேலி செய்பவர்கள், 2014 யு.எஸ். ஓப்பனில் பைன்ஹர்ஸ்டின் ஆமையோடு போன்ற கிரீன்களைச் சுற்றி மார்ட்டின் கைமர் பட்டரால் உருட்டி உருட்டியே எட்டு அடி வித்தியாசத்தில் வென்றதைப் பார்க்கலாம். புல் கட்டையாகவும் காய்ந்தும் இருந்தால் போதும்.

புல் என்றதும் நம் பக்கத்து ஆட்டக்காரர்களுக்கு ஒன்று. இந்தியாவின் வெப்பமான சமவெளி மைதானங்களில் பரவலாக இருக்கும் பெர்முடா புல் வேறெதுவுமில்லை, பிள்ளையாருக்கு மாலை கட்டும் நம் அருகம்புல்தான். கிரீனில் போடுவது பெரும்பாலும் அதன் கலப்பினங்கள். இந்தப் புல் படர்ந்து ஒரு பக்கமாகச் சாயும். சாய்வுக்கு எதிராக உருட்டினால் பந்து தயங்கும், முன்விளிம்பும் எளிதில் சிக்கும். ஸ்காட்லாந்துக் கடற்கரையின் மெல்லிய ஃபெஸ்க்யூ புல்லை வைத்து எழுதிய பயிற்சி நூலை அப்படியே பின்பற்றுபவர், இங்கே பந்து பாதியில் நிற்பதைப் பார்த்துக் குழம்புவார். புல் எதிர்முகமாக இருந்தால் கிரீனுக்குள்ளேயே பந்தை விழவைக்க வேண்டும், கிரீனுக்கு முன்னால் குதிக்கவிடக் கூடாது.

பழகும் முறையைப் பற்றிச் சுருக்கமாக. சிப்புக்கு, மட்டையின் கைப்பிடியோடு சேர்த்து ஒரு நீளக் குச்சியைப் பிடித்துக்கொண்டு ஆடிப் பார்க்கலாம். மணிக்கட்டு புரண்டால் குச்சி இடது விலாவில் தட்டும். வலிக்காது, ஆனால் பொய் சொல்லாது. பிட்ச்சுக்குப் பந்தே இல்லாமல் தொடங்குவது மேல். புல்லின்மேல் வெட்ஜின் அடிப்பாகம் தட்டிச் செல்லும் சத்தத்தைக் கேட்டுக் கேட்டுப் பழக வேண்டும். கொத்தும் சத்தம் வேறு, நழுவும் சத்தம் வேறு. காது பழகிய பிறகு பந்தை வைக்கலாம். இரண்டிலும் குறி கொடி அல்ல, பந்து விழ வேண்டிய இடம். அங்கே ஒரு துண்டை விரித்துப்போட்டால் கண் அலையாது. ஒரே நாளில் இரண்டையும் மாற்றிமாற்றி ஆடாமல், முதல் சில வாரங்கள் சிப் மட்டும் ஆடுவது நல்லது.

மட்டை வாங்குவதிலும் அதே வரிசை. 1980-களின் தொடக்கத்தில் டாம் கைட் 60 டிகிரி வெட்ஜைப் பையில் சேர்த்துப் பலன் கண்ட பிறகு, லாப் வெட்ஜ் இல்லாத பையே இல்லை என்றாகிவிட்டது. பதினான்கு மட்டைக்கு மேல் வைத்துக்கொள்ள விதி இடம் தராது. அந்தப் பதினான்கில் ஓர் இடத்தை, கையில் பிடித்தாலே வானத்தைப் பார்க்கவைக்கும் மட்டைக்கு முதல் வருடத்திலேயே கொடுக்க வேண்டியதில்லை. கடைக்காரர் சொல்வார், கூட ஆடுபவர் தன்னுடையதை எடுத்துக் காட்டுவார். பிட்ச்சிங் வெட்ஜும் சாண்ட் வெட்ஜும் இருந்தால், எட்டாம் நம்பரும் கூட இருந்தால், கிரீன் ஓரத்துக்கு அந்த மூன்றே போதும்.